பள்ளிப்படையும் படைகல்லும்

ஆவுடையார்கோவில் ஆத்மநாதர் சந்நிதிக்கு முன்னே உள்ள கல்லில் புழுங்கலரிசிச் சோற்றை ஆவி பறக்கக் கொட்டிப் பரப்புவார்கள். கீரையும் பாகற்காயும் உடன் உண்டு. எழும் ஆவிதான் சுவாமிக்கு நிவேதனம். அந்தக் கல்லுக்குப் படைகல் என்று பெயர். ‘படை’ என்ற சொல் தமிழில் இறந்தோருக்கான கற்களோடும் நெடுங்காலம் சேர்ந்தே வந்திருக்கிறது.

நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறாக வகுக்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். ஆறில் இரண்டு ‘படை’. நீர்ப்படை என்பது கல்லை நீராட்டுவது. பெரும்படை என்பது நட்ட கல்லுக்குச் செய்யும் சிறப்பு. போரில் விழுந்தவனை நடுகற்கள் ‘பட்டான்’ என்கின்றன. புதுக்கோட்டைக்கு அருகே பொற்பனைக்கோட்டையில் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகல் கணங்குமரன் என்பவனுக்கு எடுத்தது.

வீரனுக்கு நடுகல் என்றால் அரச குடும்பத்தாருக்குப் பள்ளிப்படை, அதாவது இறந்தவர் நினைவாக எடுத்த கோயில். பள்ளி என்பது படுக்கை, துயில். ‘இறந்த’ என்று எழுதக் கூசிய கல்வெட்டுகள் ‘துஞ்சின’ என்றே எழுதின. இங்கிலாந்தில் 1538 முதல் ஊர்த் தேவாலயங்களில் அடக்கப் பதிவேடு எழுதினார்கள். பாட்டன் புதைந்த இடத்தை அதில் தேடுகிறார்கள். சோழர்களைத் தேட அவர்களுடைய பெயர்களே போதும். சுந்தர சோழன் ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’. அரிஞ்சயன் ‘ஆற்றூர்த் துஞ்சின தேவர்’. இறந்த இடம் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

அந்த அரிஞ்சயனுக்குப் பொன்னையாற்றங்கரை மேல்பாடியில் அரிஞ்சிகை ஈச்சுரத்தைப் பள்ளிப்படையாக எடுத்தவன் அவன் பேரன் முதலாம் ராஜராஜன். ராஜேந்திரன் தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்குப் பட்டீசுவரம் அருகே ஒரு பள்ளிப்படை எடுத்தான். அதன் கல்வெட்டு 1019ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இன்று அதை ராமநாதன் கோயில் என்கிறார்கள்.

பள்ளிப்படை பேச்சு வழக்கிலிருந்து போய்விட்டது. படையல் மட்டும் நின்றது. திதியன்று முன்னோருக்கு இலை போட்டுப் ‘படைக்கிறோம்’ என்கிறோம்.

ஆனால் அரிஞ்சிகை ஈச்சுரம் போல மனிதப் பெயரோடு ‘ஈச்சுரம்’ சேர்ந்த கோயிலெல்லாம் பள்ளிப்படை ஆகிவிடாது. தஞ்சை ராஜராஜேச்சரம் மன்னன் வாழ்ந்தபோதே எழுந்தது. பள்ளிப்படை என்று கல்வெட்டே சொல்லும் இடத்தில் ஐயமின்றி ஏற்கலாம். சொல்லாத இடத்தில் ஊர்க்கதையை மட்டும் நம்பி முடிவு கட்டக் கூடாது.