மூன்று லட்சம் கற்கள்

அங்கோர் என்று சொன்னதுமே நம்மவர்களுக்கு அங்கோர் வாட்தான் ஞாபகத்துக்கு வரும். அதில் தவறில்லை, அழகில் அதற்கு ஈடு அதுதான். ஆனால் என் மனத்தைக் கொள்ளை கொண்டது, அதற்கு வடக்கே அங்கோர் தோம் நகரத்துக்குள் இருக்கும் பாப்புவோன் என்ற சிவாலயம். கட்டியவர்களுடைய கதையைக் காட்டிலும் அதை மறுபடி கட்டியவர்களுடைய கதைதான் அங்கே பெரிய கதை.

பதினோராம் நூற்றாண்டின் நடுவில் இரண்டாம் உதயாதித்யவர்மன் எழுப்பிய கோயில் அது. மேரு மலையை மனத்தில் வைத்து அடுக்கடுக்காக உயர்த்தினார்கள். ஆனால் அந்த மலையின் வயிற்றுக்குள் இருந்தது வெறும் மணல்! வெளியே மட்டும் கற்போர்வை. வருஷா வருஷம் பெய்யும் மழை உள்ளே இறங்க, ஈர மணல் சுவர்களை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது. 1943-ல் ஒரு பகுதி சரிந்தே விட்டது.

1960-ல் பிரெஞ்சு அறிஞர் பெர்னார் ஃபிலிப் குரோலியே ஒரு துணிச்சலான முடிவுக்கு வந்தார். கோயிலைக் கல் கல்லாகப் பிரிப்பது, மணலைத் தாங்க உள்ளே கான்கிரீட் சுவர் எழுப்புவது, பிறகு அந்தந்தக் கல்லை அதனதன் இடத்தில் வைப்பது. நம் ஊரில் ஜீர்ணோத்தாரணம் என்றால் சில இடங்களில் பழசின் மேல் புதுப் பூச்சைப் பூசி, 'பார், எப்படி மின்னுகிறது!' என்று மகிழ்ந்து போகிறோம். அவர்களோ ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் எண் கொடுத்து, அது இருந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, சுற்றிலும் காட்டில் பரப்பி வைத்தார்கள். கற்கள் சுமார் மூன்று லட்சம்!

சாந்து இல்லாத கட்டடம் அது. செங்கல் என்றால் எதை எங்கே வைத்தாலும் சுவர் எழும்பிவிடும். இங்கே ஒரு கல்லின் செதுக்கல் அடுத்த கல்லில் தொடரும். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஓர் இடம்தான். அந்த இடத்தைச் சொல்லக்கூடியவை அந்தக் குறிப்பேடுகள்தாம்.

உள்நாட்டுப் போர் மூண்டது, வேலை நின்றது. 1975-ல் கெமர் ரூஜ் படை நோம்பென் நகரைப் பிடித்தபோது, அங்கே இருந்த குறிப்பேடுகள் அழிந்தன. காட்டில் கற்கள் அப்படியே கிடந்தன. புல் முளைத்தது, பாசி படர்ந்தது. எண் இருந்தும் என்ன பயன்? எந்த எண் எந்த இடம் என்று சொல்ல ஏடு இல்லையே!

1995-ல் பஸ்கால் ருவாயேர் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் இந்த வேலையை ஏற்றுக்கொண்டார். பாரிஸில் தப்பிப் பிழைத்த பழைய புகைப்படங்கள் ஒரு பக்கம். முன்பு வேலை செய்த கம்போடியத் தொழிலாளிகளின் ஞாபகம் மறு பக்கம். கல்லின் உயரத்தையும் செதுக்கலின் வளைவையும் அளந்து அளந்து ஜோடி சேர்த்தார்கள். அவருடைய பெயர் புத்தகங்களில் இருக்கும். காட்டுக் கற்களை அடையாளம் கண்டு சொன்ன அந்தத் தொழிலாளிகளின் பெயர்களை யார் எழுதி வைத்தார்கள்?

இன்னொரு தர்மசங்கடமும் இருந்தது. சுமார் பதினாறாம் நூற்றாண்டில் பௌத்தர்கள் கோயிலின் கற்களையே எடுத்து, மேற்குச் சுவரில் ஏறக்குறைய 70 மீட்டர் நீளத்துக்குப் பள்ளிகொண்ட புத்தரை அமைத்திருந்தார்கள். சிவாலயத்தைப் பழைய உருவில் முழுமையாக்க வேண்டுமானால் புத்தரைக் கலைக்க வேண்டும். புத்தரை வைத்துக்கொண்டால் பழைய உருவம் முழுமையாகாது. இருவரையும் இருக்கவிடுவது என்று தீர்மானித்தார்கள். நான் அதைச் சரி என்றே சொல்வேன். ஐந்நூறு வருஷம் அங்கே படுத்திருந்தவரை எழுப்பிவிட்டு, அதற்குச் சரித்திர நியாயம் என்று பெயர் சூட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

2011 ஜூலையில் மன்னர் சிஹாமனியின் முன்னிலையில் திறப்பு விழா நடந்தது. தொடங்கி ஐம்பத்தொரு வருஷம் ஆகியிருந்தது. அங்கே போகிறவர்கள் மேற்குப் பக்கம் போய்ச் சற்று எட்ட நின்று பார்க்க வேண்டும். முதலில் கரடுமுரடான கற்சுவர்தான் தெரியும். அவசரப்படாமல் நின்றால், மெல்ல ஒரு நெற்றி, ஒரு மூக்கு, பிறகு மூடிய உதடுகள் புலப்படும்.