வெள்ளிக்கிழமைப் பிரசங்கம்

ஆறுமுக நாவலர் என்றவுடன் நம் கண்முன் எழுவது, திருநீறும் உருத்திராக்கமுமாய் நின்று பரசமயத்தாரை இடித்துரைத்த பிரசங்கியாரின் உருவமே. அவ்வுருவம் 1848க்குப் பிற்பட்டது. அதற்கு முந்திய ஏழாண்டுகளை அவர் வரலாறு பேசுவோர் விரைந்து கடந்துவிடுகின்றனர். தயங்கித் தயங்கி அடியெடுத்து வைத்த அவ்வாண்டுகளே நாவலரை ஆக்கின.

1822இல் நல்லூரிற் பிறந்த ஆறுமுகம், யாழ்ப்பாணத்தில் பீற்றர் பார்சிவல் பாதிரியார் நடத்திய வெசுலியன் மிஷன் ஆங்கிலப் பள்ளியிற் பயின்று, 1841இல் அங்கேயே ஆசிரியரானார். மேல்வகுப்பிற்குத் தமிழும் கீழ்வகுப்பிற்கு ஆங்கிலமும் கற்பித்தார். பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது அருகிருந்து துணைசெய்த பண்டிதரும் அவரே. சைவ ஆசாரத்தை அவர் கைவிடவில்லை. பார்சிவலும் விடுமாறு வற்புறுத்தவில்லை. எனவே மறைந்திருந்தது அவருடைய பக்தியன்று. அந்தப் பக்தியை ஊரறியச் சொல்லி வாதிடும் குரலே மறைந்திருந்தது.

குரல் முதலிற் பெயரின்றி வந்தது என்பர். அமெரிக்க மிஷனார் 1841இல் தொடங்கிய 'உதயதாரகை' இதழில், சைவ வழிபாட்டிற்காக வாதாடிய கையொப்பமற்ற கடிதமொன்றை அவருடையதாகவே ஆய்வாளர் சிலர் கொள்கின்றனர். மிஷன் சம்பளத்தில் வாழ்ந்த இளைஞர் பெயரை மறைத்ததில் வியப்பில்லை. இதனைக் கோழைமை என்று ஒதுக்குவது எளிது, ஆனால் சரியன்று. ஆசிரியர்பால் நன்றி ஒருபுறம், வயிற்றுப்பாடு மற்றொருபுறம். இவ்விரண்டினும் மேலாக, எதிர்க்கப்போகும் சமயத்தின் நூலைச் சொல் சொல்லாக எடைபோட்டுப் பெயர்க்கும் வாய்ப்பு வேறெங்குக் கிடைக்கும்?

பகலெல்லாம் ஆலைச் சங்கிற்குக் கட்டுப்பட்டு, தெலுங்கும் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து புழங்கும் பணிக்கூடங்களில் உழைத்து, மாலையில் தமிழுக்கென்று கூடும் ஓசூர், கிருஷ்ணகிரி அன்பர்களுக்கு இந்த இரட்டை வாழ்வை விளக்கிக்கூற வேண்டியதில்லை.

1847 திசம்பர் 31, வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுகம் முதற் பிரசங்கம் செய்தார். தொடர்ந்து வெள்ளிதோறும் அவரும் நல்லூர்க் கார்த்திகேய ஐயரும் மாறிமாறிப் பேசினர். கொலை, புலால், கள் ஆகியவற்றை விலக்கல், சிவபூசை, ஆலய வழிபாடு என்பன பொருள்கள். கோயிலில் புராணம் படித்துப் பயன்சொல்வது தமிழர்க்குப் பழையது. கிழமை குறித்து, பொருள் வகுத்து, கேட்போரின் ஒழுக்கத்தை நோக்கி நேர்நின்று பேசுவது பாதிரிமாரின் முறை. அம்முறையை ஆறுமுகம் அவர்களிடமே கற்றார்.

கவனிக்கத்தக்கது ஒன்று: அந்த முதல் வெள்ளிக்கிழமையிலும் அவர் மிஷன் பள்ளி ஆசிரியரே. மாலையிற் கோயில், மறுவாரம் மீண்டும் பாதிரியார் பள்ளி. இந்நிலை ஒன்பது மாதம் நீடித்தது. 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவ்வாண்டு செப்டம்பரில்தான் வேலையைத் துறந்தார். பார்சிவல் அவரைப் பிரிய மனமின்றி ஊதிய உயர்வு கூறித் தடுத்தார் என்று வரலாறு எழுதினோர் கூறுவர். 1849இல் அச்சியந்திரம் வாங்கத் தமிழகம் வந்தபோது, திருவாவடுதுறை ஆதீனம் அவர் பிரசங்கத்தைக் கேட்டு 'நாவலர்' என்னும் பட்டம் வழங்கியது.

வெளிப்பட்டபின் அவர் பின்வாங்கவில்லை. 1854இல் வெளியிட்ட 'சைவதூஷண பரிகாரம்' விவிலியத்தைக் கொண்டே கண்டனத்திற்கு விடையிறுத்தது. பழைய ஏற்பாட்டில் ஆலயமும் விளக்கும் தூபமும் பலியும் இருக்க, சைவர் கிரியையைப் பழிப்பது எங்ஙனம் என்று வினவியது. மொழிபெயர்ப்பு மேசையில் அமராத ஒருவரால் அவ்வளவு நுணுக்கமாக அதனை எழுதியிருத்தல் அரிது. பெரியபுராணத்தை 1852இல் எளிய வசனமாகத் தந்தபோதும் அந்தப் பயிற்சி கைகொடுத்தது.

ஆயினும் அவர் திறந்த கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. சாதியாசாரத்தில் அவர் இறுதிவரை இறுக்கமானவர். பாடநூல்களிலும் அவ்விறுக்கம் ஏறியது. மேடையில் அத்துணைத் துணிவு காட்டியவரிடம் இக்குறையை இன்று வாசிப்போர் வருத்தத்தோடே காண்பர்.

அவர் உழைப்புக் கலந்த பார்சிவலின் விவிலியம் 1850இல் வெளிவந்தது. அதே ஆண்டில் சைவப் பிள்ளைகளுக்கென அவர் இயற்றிய முதற் பாலபாடமும் அச்சேறியது.