கல் பாவிய தெருவும் லயத்துப் பாதையும்

சுவீடனின் பல்கலைக்கழக நகரமான லுண்டில் ஆடெல்காத்தன் என்றொரு பழைய தெரு உண்டு. அதைப் பார்க்கவே வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். மலேசியாவின் நெகிரி செம்பிலான், செண்டாயான் வட்டார ரப்பர் தோட்டங்களில், லயங்கள் எனப்பட்ட தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு நடுவே ஓடிய செம்மண் பாதையைத் தேடி யாரும் வருவதில்லை.

அழகில் இரண்டுக்கும் தூரம் அதிகமில்லை. ஆடெல்காத்தனில் மாளிகைகள் வரிசைகட்டி நிற்கவில்லை. தாழ்ந்த சிறு வீடுகள், கல் பாவிய தரை, கோடையில் சுவரோரம் ஆளுயரம் வளரும் பூச்செடிகள், அவ்வளவுதான். லயத்தில் ஒட்டிக் கட்டிய பலகை வீடுகள், தகரக் கூரை, வாசலில் முருங்கையும் கறிவேப்பிலையும். விடியுமுன் பிரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பேர் கொடுத்துப் பால்வாளியோடு நடந்த அதே பாதையில்தான் மாலையில் பிள்ளைகள் விளையாடினார்கள். திருவிழாவில் சாமி ஊர்வலமும் வந்தது.

வயதில் லுண்ட் மூத்தது. நகரம் ஏறத்தாழ 990இல் தோன்றியது, பல்கலைக்கழகம் 1666இல். நம் லயங்கள் ரப்பரோடு வந்தவை. ஆனால் வயது மட்டும் எந்தத் தெருவையும் காப்பாற்றாது. பழையவை அழிகின்றனவே என்று கவலைப்பட்ட கார்லின் என்பவர் லுண்டில் 1882இல் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி, 1892இல் 'குல்தூரென்' திறந்தவெளி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

பெரிய வேறுபாடு நில உரிமையில் இருக்கிறது. அங்கே வீடு குடியிருப்பவரின் வேலையோடு கட்டுண்டதல்ல. லயத்து வீடோ தோட்ட நிர்வாகத்துடையது. வேலை போனால் வீடும் போகும். 1950களில் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது இது பளிச்சென்று தெரிந்தது. அதற்கு மாற்றாகத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளரின் சேமிப்பில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. ஆனால் எல்லாத் தோட்டங்களையும் வாங்க முடியவில்லை. ரப்பர் செம்பனையாயிற்று, தோட்ட நிலம் வீட்டுமனையாயிற்று. இன்று செண்டாயான் என்றால் பலருக்கு பண்டார் ஸ்ரீ செண்டாயான் வீடமைப்பும், சுங்கை பீசியிலிருந்து இடம்பெயர்ந்த விமானப்படைத் தளமும்தான் நினைவுக்கு வரும்.

ஆகவே லுண்டுக்கு வாய்த்தது தனி அழகல்ல. நில உரிமையும், சரியான நேரத்தில் கூடிய ஒரு சங்கமும். லயத்தை இனித் திரும்பக் கட்ட முடியாது, பதிவு செய்யலாம். எந்த லயம் எங்கே, குழாயடி எங்கே, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை எங்கே என்று சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளி வாரியங்களும் அவர்களை உட்காரவைத்து வரைபடம் தயாரிக்க வேண்டும். புதிய சாலைகளுக்குப் பழைய தோட்டங்களின் பெயரைக் கேட்டு வாங்க வேண்டும்.