எமரால்டில் இருந்து ஃபீனிக்ஸ்

எங்கட வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேரேக்க அதின்ர பேர் புளோரன்ஸ் சி. றொபின்சன். வாங்கினவர் பேரை மாத்தினார், மரம் அதே மரம். மென்பொருளுக்கும் அந்தளவு போதுமோ எண்டு நாங்கள் யோசிக்கக் காரணம், ‘செகண்ட் லைஃப்’ கதை.

லிண்டன் லாப் 2003இல் தொடங்கின மெய்நிகர் உலகம் அது. உள்ளே போக ‘வியூவர்’ எண்ட மென்பொருள் வேணும். 2007 ஜனவரியில் அதன் மூலநிரலை நிறுவனம் திறந்துவிட, ஆர்வலர்கள் சொந்த வியூவர்களைச் செய்தார்கள். அதில் பெரும்புகழ் பெற்றது எமரால்ட். பக்கத்தில் ஆர் நிக்கினம் எண்டு காட்டுற ரேடார்கூட அதில் இருந்தது!

2010 ஓகஸ்டில் குட்டு வெளிப்பட்டது. எமரால்டைத் திறக்கிற ஒவ்வொரு முறையும், பாவிக்கிறவருக்குத் தெரியாமலே, அதன் உள்நுழைவுத் திரை வேறொருவரின் இணையத்தளத்தைத் திரும்பத் திரும்ப அழைத்திருக்கிறது. தளத்தைத் திணறடிக்கத்தான். ஆரோ பிடிச்ச சண்டைக்கு ஊர்ப்பட்ட வீட்டுக் கணனிகள் ஆயுதம். லிண்டன் லாப் எமரால்டைத் தடுத்தது.

குழுவில் இருந்து விலகின சிலர், அதே நிரலில் இருந்து ஃபீனிக்ஸை அந்த ஆண்டே வெளியிட்டார்கள். பேர் மாற்றினதை நாங்கள் பெரிசாக எடுக்கேல்லை. உள்ளே என்ன இருக்கெண்டு ஒருத்தரும் பார்க்க ஏலாதிருந்த துணைக்கோப்பைக் கழற்றி எறிஞ்சதுதான் உண்மையான மறுவெளியீடு. பிறகு, புது அடித்தளத்தில் ஃபயர்ஸ்டோர்ம் வந்தது. அது இண்டைக்கும் ஓடுது.