நுண்ணோக்கிக் கேமரா இணைப்பி: வீட்டுத் தயாரிப்பு

நுண்ணோக்கியில் தெரியும் உருவத்தைப் படமெடுக்க, கேமராவையோ கைபேசியையோ கண்ணருகு லென்ஸின் மேல் அசையாமல் நிறுத்தும் குழாய் அமைப்பு. பி.வி.சி. குழாய்த் துண்டு, பழைய ஃபிலிம் டப்பா, கெட்டி அட்டை என எதிலும் செய்யலாம். பள்ளி, கல்லூரி நுண்ணோக்கிகள் பலவற்றில் கண்ணருகு லென்ஸ் செருகும் குழாயின் உள்விட்டம் 23.2 மி.மீ.

வேலையில் நுணுக்கமானது உயரம்தான். கண்ணருகு லென்ஸிலிருந்து வரும் ஒளி, சற்று மேலே சிறு வட்டமாகக் குறுகிப் பிறகு விரிகிறது. விளக்கைப் போட்டு, லென்ஸின் மேல் வெள்ளைத்தாளைப் பிடித்து மெல்ல உயர்த்தினால், வட்டம் மிகச் சிறிதாகி விளிம்பு கூர்மையாகும் இடம் தெரியும். கைபேசியின் லென்ஸ் அங்கேதான் நிற்க வேண்டும். தள்ளிப்போனால் படத்தின் ஓரங்கள் இருண்டுவிடும். குழாயின் உட்புறம் பளபளப்பில்லாத கறுப்புத் தாள் ஒட்டாவிட்டால் சிதறொளி படத்தை வெளிறச் செய்யும்.

கண்ணருகு லென்ஸை எடுத்துவிட்டு, லென்ஸ் கழற்றிய கேமராவை நேரே பொருத்துவோரும் உண்டு. பழைய பொருளருகு லென்ஸ்கள் பலவற்றின் நிறப்பிழையில் ஒரு பகுதியைக் கண்ணருகு லென்ஸே திருத்துவதால், இம்முறையில் ஓரங்களில் வண்ணக்கீற்று விழலாம். எஸ்.எல்.ஆர். கேமராவில் கண்ணாடி எழும் அதிர்வு வேறு. கைபேசியில் அது கிடையாது. ஆனால் விரல் பட்டாலே ஆடும் என்பதால் டைமர் வைத்து எடுப்பதே உசிதம்.