புன்னைக்காயலும் ஸ்பானியர் வெட்டிய தமிழெழுத்தும்

ஸ்பானியக் கடலோடிகள் என்றவுடன் கொலம்பசும் மேற்குக் கடலுமே நம் நினைவுக்கு வருகின்றன. தமிழகக் கரைக்கு வந்த ஸ்பானியரை நாம் தனித்து அறிவதில்லை. இதற்குக் காரணம் உண்டு. 1494-ஆம் ஆண்டின் தோர்தெசில்லாஸ் உடன்படிக்கை கடல்வழிகளை ஸ்பெயினுக்கும் போர்த்துக்கல்லுக்குமாகப் பங்கிட்டது. இந்தியாவுக்கான வழி போர்த்துக்கல்லின் பங்காயிற்று. எனவே ஸ்பானியர் இங்குப் போர்த்துக்கீசியக் கொடியின்கீழ் வந்தனர். வரலாற்றிலும் அப்பெயருக்குள்ளேயே மறைந்தனர்.

அவர்களுள் தலையாயவர் புனித சவேரியார். இன்றைய ஸ்பெயினைச் சேர்ந்த நவார் பகுதியில் 1506-இல் பிறந்த அவர், 1542-இல் முத்துக்குளித்துறையை அடைந்தார். தாமிரபரணி கடலொடு கலக்குமிடத்தில், பழையகாயலுக்கு அருகே அமைந்த புன்னைக்காயல், அக்கரையில் வாழ்ந்த பரதவரின் ஊர்களுள் ஒன்று. அங்கிருந்தும் தெற்கே மணப்பாட்டிலிருந்தும் 1544-இல் அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. தமிழறியாத அவர், இருமொழியும் அறிந்தோரைக் கூட்டி மன்றாட்டுகளைத் தமிழாக்கச் செய்தார். அவற்றை மனப்பாடம் செய்து மக்களிடையே ஓதினார்.

அவருக்குப்பின் போர்த்துக்கீசியரான அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலில் தங்கித் தமிழை முறையாகக் கற்றார். ஓதக்கேட்டு மறக்கும் மக்களுக்கு நூல் வேண்டும் என்பது அவர் எண்ணம். அச்சுப்பொறி 1556-இலேயே கோவாவுக்கு வந்திருந்தது; அதனை இயக்கியவர் யுவான் தெ புஸ்தமாந்தே என்னும் ஸ்பானியர். ஆனால் தமிழ் எழுத்து அதில் இல்லை. ஒவ்வோர் உயிர்மெய்க்கும் உரிய வடிவை எஃகில் இடவலமாக வெட்டி, செம்பில் பதித்து, ஈயத்தில் வார்க்கவேண்டும். 1577-இல் கோவாவில் அப்பணியை முதலில் செய்தவர் யுவான் கொன்சால்வஸ் என்ற மற்றொரு ஸ்பானியர். அடுத்த ஆண்டு கொல்லத்தில் மேலும் எழுத்துகள் வார்க்கப்பட்டன. 1578 அக்டோபர் 20 அன்று 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கங்களில் அங்கே அச்சேறியது. இந்திய எழுத்தில் அச்சான நூல்களுள் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையது இதுவே.

இந்நூலுக்குப் பொருள் தந்தோர் யார்? முத்துக்குளித்துறைப் பரதவர்கள். கடலில் மூச்சடக்கி மூழ்கி ஈட்டிய பொருளே தமிழை அச்சேற்றியது.

காஞ்சியை அடுத்த செவிலிமேட்டில் வாழும் நமக்குக் கல்வெட்டு புதிதன்று. கோயிற் சுவர்களில் விளக்குக்கு ஆடும் பூசைக்கு நிலமும் கொடுத்தவர் பெயர்கள் நிலைத்து நிற்கின்றன. கல்லை வெட்டிய தச்சன் பெயர் அரிதாகவே தெரிகிறது. அச்சு வரலாற்றில் இது தலைகீழாயிற்று. எழுத்தை வெட்டிய அயலார் பெயர்கள் எஞ்சின. கொடை தந்த மக்கள் பாடநூல்களில் ஒரு வரியும் பெறவில்லை.

கொன்சால்வசின் கைத்திறனைப் போற்றுவோம், அது தகும். ஆயினும் தமிழ் அச்சின் கதையை வகுப்பில் சொல்லும்போது கோவாவையும் கொல்லத்தையும் கூறி நிறுத்துவது பாதி வரலாறே. மறுபாதி புன்னைக்காயலின் மணலில் இருக்கிறது.