மகப்பேற்றுக்குப் பின் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி

முன்புறப் பூப்பெலும்பிலிருந்து பின்புற வால் எலும்பு வரை தூளிபோல் விரிந்து, சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்கி நிற்பவை இடுப்புத்தளத் தசைகள். சிறுநீரையும் மலத்தையும் வாயுவையும் அடக்குவதும் இவையே. கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் தளர்ந்த இத்தசைகளைப் பயிற்சியால் மீட்கலாம்.

குழந்தையின் தலை வெளிவரும்போது இத்தசையின் உட்பகுதி இயல்பு நீளத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் இழுபடக்கூடும் என்கின்றன கணினி மாதிரி ஆய்வுகள். ஆயுதம் போட்டு எடுத்த பிரசவமும் ஆசனவாய் வரை போன கிழிசலும் பாதிப்பைக் கூட்டும். பிரசவித்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குச் சிறுநீர்க் கசிவு உண்டு. சிசேரியன் இந்த வாய்ப்பைக் குறைக்குமே தவிரப் போக்காது. வயிற்றில் சுமந்த மாதங்களின் பாரம் எல்லோருக்கும் பொது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். ஆகவே ‘எனக்கு ஆபரேஷன்தானே’ என்று இப்பயிற்சியை ஒதுக்க இயலாது.

இத்தொல்லையோடு வாழும் பெண்களை ஓர் ஊரில் பார்ப்போம். திருத்தணிக்கு அருகே, தமிழும் தெலுங்கும் புழங்கும் அம்மையார்குப்பம் நெசவாளர் ஊர். நெசவாளர் வீட்டுப் பெண்ணுக்குப் பிள்ளை பெற்ற பின்னும் தறிக்குத் தார் சுற்றுதல், தண்ணீர்க் குடம் தூக்குதல், சமையல் எல்லாம் காத்திருக்கும். குழந்தைக்கு முடியிறக்க அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு திருத்தணி மலையின் 365 படிகளை ஏறுவோரும் உண்டு. தும்மினால் துணி நனைகிறது, அடி தள்ளுகிறது (கர்ப்பப்பை இறங்குகிறது) என்பதை மாமியாரிடமும் சொல்லாமல், பிள்ளை பெற்றால் இப்படித்தான் என்று ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். பொறுக்க வேண்டியதில்லை, சரியாகச் செய்த பயிற்சி கசிவைக் குறைக்கிறது, பலருக்கு நிறுத்தியும் விடுகிறது. தொடக்கநிலைக் கர்ப்பப்பை இறக்கத்தின் தொல்லையும் தணியும்.

அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948இல் இப்பயிற்சியை மருத்துவ முறையாக வெளியிட்டார். தசையின் அழுத்தத்தை அளக்கும் கருவியையும் உருவாக்கினார். யோகத்தின் மூலபந்தமும் இதே பகுதியைச் சுருக்குவதுதான். பிரான்சில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு இதற்கான பயிற்சி அமர்வுகளின் செலவை அரசுக் காப்பீடு ஏற்கிறது.

செய்முறை எளிது, ஆனால் தவறாகச் செய்வதும் எளிது. படுத்தோ உட்கார்ந்தோ, வாயுவையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவதுபோல் உள்ளிழுத்து மேலே தூக்க வேண்டும். சில விநாடிகள் பிடித்து, முழுமையாகத் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு எட்டு முறை, நாளுக்கு மூன்று வேளை. மூச்சை அடக்கக் கூடாது. தொடையையும் புட்டத்தையும் இறுக்கக் கூடாது. வயிற்றை வெளியே தள்ளக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகுவது தவறு. இருமல் வரும்போதும் குடம் தூக்கும்போதும் முன்னதாகவே தசையை இறுக்கினால் அப்போதைய கசிவு தடைபடும். வலி தாங்கும் அளவில் பிரசவித்த சில நாட்களிலேயே தொடங்கலாம். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் அதை எடுத்த பிறகு. பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும்.

வயிற்றைத் துணியால் இறுகக் கட்டுவது இத்தசைகளை வலுப்படுத்தாது. மிக இறுகினால் கீழ்நோக்கிய அழுத்தமே கூடும். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீரைக் குறைக்கும் வழக்கம் இன்னும் கெடுதல்: மலம் இறுகி, முக்கி முக்கியே தசை மேலும் தளரும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீடு தேடி வருகிறார். பக்கவாதம் வந்த முதியவரைப் பார்க்க வருபவர் அதே வீட்டின் இளம் தாயிடமும் கசிவு உண்டா என்று கேட்க வேண்டும். கிராம சுகாதார செவிலியர் தடுப்பூசி நாளில் தமிழிலோ தெலுங்கிலோ கூச்சமின்றி விசாரித்தால் பாதி தயக்கம் உடையும். சில பெண்களுக்குத் தசை தளராமல் இறுகியிருக்கும்; அவர்களுக்குத் தளர்த்தும் பயிற்சியே தேவை. மலம் கசிதல், பிறப்புறுப்பில் கட்டி தள்ளுதல், சிறுநீர் வராமல் அடைத்தல், தீராத வலி ஆகியவை இருந்தால் பயிற்சியை நம்பிக் காத்திராமல் அரசு மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்குச் செல்ல வேண்டும்.